பற்கதிரையின் அருகே நிற்பவர் யார்?

பல்வலியை ஒத்திப்போடுவது எம்மில் பலருக்குப் பழக்கமாகிவிட்டது. நாற்று நடுகை முடியட்டும், வெங்காயம் கிண்டி முடியட்டும் என்று நாட்களைக் கடத்துகிறோம். சொந்தக் காணியை விட்டு வந்து பிறர் தோட்டத்தில் கூலிக்கு நிற்கும் குடும்பத்துக்கு, ஆசுபத்திரிக்குப் போகும் நாள் கூலி இல்லாத நாள். ஆகவே கராம்பைப் பல்லில் வைத்துக் கடிக்கிறோம். உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கிறோம். கடையில் இரண்டு வலிக் குளிசை வாங்கி விழுங்குகிறோம். முகம் வீங்கி, வாய் திறக்க முடியாமற் போனபின்தான் பற்சிகிச்சைப் பகுதியின் வாசலில் வரிசையில் நிற்கிறோம்.

எமது முறை வந்து உள்ளே போனதும் அந்தக் கதிரையில் சாய்கிறோம். ஒருவர் வாயைப் பார்க்கிறார். அவர் பல் வைத்தியர் என்பது எமக்குத் தெரியும். அவருக்கு அருகே இன்னொருவர் நிற்கிறார். ஆயுதங்களை எடுத்துக் கொடுக்கிறார், அழும் பிள்ளையின் தலையைப் பிடிக்கிறார், பஞ்சை நீட்டுகிறார். இவர் யார்? இவர் என்ன படித்தவர்? எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது? இக்கேள்விகளை நாம் கேட்பதில்லை. வலி போனாற் போதும் என்றே இருந்துவிடுகிறோம்.

ஆனால் சில வேளைகளில் உயிர் தங்கியிருப்பது அருகே நிற்கும் அந்த இரண்டாமவரின் கண்ணில்தான். உலகின் ஒரு பகுதியில் இதை அனுபவத்தில் உணர்ந்து சட்டமாகவே எழுதியிருக்கிறார்கள். அச்சட்டம் எமது நாட்டுக்குரியதல்ல. எனினும் அதன் பின்னாலுள்ள காரணம், பல் பிடுங்கப் போகும் எவருக்கும், பிள்ளையைக் கூட்டிச் செல்லும் எந்தத் தாய்க்கும் பயன்படக்கூடியது.

விறைப்பு வேறு, மயக்கம் வேறு

முதலில் ஒரு வேறுபாட்டை விளங்கிக்கொள்வோம். எமது ஆசுபத்திரிகளில் ஒரு பல்லைப் பிடுங்கும்போது வழக்கமாகப் போடப்படுவது விறைப்பு ஊசி. அதில் பெரும்பாலும் இருப்பது லிக்னோகெயின் என்னும் மருந்து. 1943ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டில் உருவாக்கப்பட்டது. அது பல்லைச் சுற்றியுள்ள நரம்பை மட்டும் சிறிது நேரம் மரக்கச் செய்கிறது. நாம் விழித்திருக்கிறோம், பேசுகிறோம், எச்சிலை விழுங்குகிறோம், மூச்சு தானாகவே நடக்கிறது.

மயக்கம் அப்படியானதல்ல. அதிலும் படிகள் உண்டு. அரைத்தூக்கத்தில், கூப்பிட்டால் கண் திறக்கும் நிலை ஒன்று. எதுவும் தெரியாத முழு மயக்கம் இன்னொன்று. கடைவாய்ப் பல் எலும்புக்குள் புதைந்திருந்தால், அல்லது சிறு பிள்ளைக்குப் பல பற்களை ஒரே நேரத்தில் எடுக்க வேண்டியிருந்தால், இம்முறைகள் தேவைப்படலாம்.

முழு மயக்கத்தில் தசைகள் தளர்கின்றன. நாக்கு பின்னோக்கி விழுந்து தொண்டையை அடைக்கலாம். வைத்தியர் வேலை செய்யும் இடமும் வாய்தான். நோயாளி மூச்சு விடும் பாதையும் அதுதான். இரத்தம், எச்சில், உடைந்த பற்துண்டு, பஞ்சு ஆகிய யாவும் அந்த ஒரே வழியில் கிடக்கின்றன. ஒட்சிசன் நின்றுவிட்டால் சில நிமிடங்களுக்குள் மூளை பழுதடையத் தொடங்கும். சிறு பிள்ளைகளுக்கு அந்த அவகாசமும் இல்லை. அவர்களின் உடல் ஒட்சிசனை விரைவாகச் செலவழிப்பதால், மூச்சு தடைப்பட்டால் பெரியவர்களை விட வேகமாக ஆபத்து வரும்.

கிணற்றுக்குள் ஒருவர், மேலே ஒருவர்

தோட்டக் கிணற்றில் சேறு அள்ள ஒருவர் இறங்கும்போது நாம் என்ன செய்கிறோம்? மேலே ஒருவரைக் கயிற்றோடு நிறுத்துகிறோம். அவர் மண்வெட்டி பிடிப்பதில்லை. வாளியிலுள்ள சேற்றைக் கொண்டுபோய்க் கொட்டுவதும் இல்லை. கீழே நிற்பவரின் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பதே அவரது வேலை. குரல் மாறினால் அவர்தான் முதலில் அறிவார். அவரும் வேறு வேலையிற் கைவைத்தால் என்ன நடக்கும் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மயக்கம் கொடுத்துப் பல் எடுப்பதும் இதைப் போன்றதே. வைத்தியரின் கையும் கண்ணும் பல்லில் இருக்கின்றன. மூச்சில் இன்னொருவருடைய கண் இருக்க வேண்டும்.

பல் வைத்தியருக்கும் மயக்க மருந்துக்கும் உள்ள உறவு பழையது. 1844ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் ஹார்ட்போர்ட் நகரில் ஹொரஸ் வெல்ஸ் என்ற பல் வைத்தியர், சிரிப்பு வாயு எனப்படும் நைதரசு ஒட்சைட்டைச் சுவாசித்துத் தமது பல்லையே பிடுங்குவித்தார். 1846ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆம் திகதி பொஸ்டன் நகர ஆசுபத்திரி ஒன்றில் வில்லியம் மோர்ட்டன் என்ற இன்னொரு பல் வைத்தியர், சத்திரசிகிச்சை நோயாளி ஒருவருக்கு ஈதர் கொடுத்து உலகறியக் காட்டினார். இன்று எல்லாச் சத்திரசிகிச்சைக் கூடங்களிலும் பயன்படும் மயக்கக் கலை பரவியதில் பல் வைத்தியர்களுக்குப் பெரும் பங்குண்டு.

ஆனால் நெடுங்காலமாகப் பல இடங்களில் மயக்கம் கொடுத்தவரும் பல்லைப் பிடுங்கியவரும் ஒரே ஆளாகவே இருந்தனர். பிரித்தானியாவில் இதனால் ஏற்பட்ட மரணங்கள் பெரும் விவாதத்தைக் கிளப்பின. அங்கே 1998இல் விதிகள் இறுக்கப்பட்டன. 2001ஆம் ஆண்டின் இறுதியோடு, பல்லுக்கான முழு மயக்கம் ஆசுபத்திரிக்குள் மட்டுமே கொடுக்கப்படலாம் என்ற நிலை இங்கிலாந்தில் வந்தது. அமெரிக்கா வேறு வழியிற் சென்றது. அங்கே வாய்ச் சத்திரசிகிச்சை நிபுணர்கள் தமது சொந்தச் சிகிச்சை நிலையத்திலேயே மயக்கமும் கொடுத்துச் சிகிச்சையும் செய்கிறார்கள். அப்படியானால் அருகே நிற்கும் உதவியாளர் யார் என்ற கேள்வியை அவர்கள் தவிர்க்க முடியவில்லை.

கலிபோர்னியா எழுதிய விதி

அமெரிக்காவில் இவ்விடயத்தை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகவே தீர்மானிக்கிறது. கலிபோர்னியா மாநிலம் 2008இல் இயற்றிய சட்டத்தின் மூலம், 2010ஆம் ஆண்டு ஜனவரி முதல் பல் மயக்க உதவியாளருக்கென ஒரு தனி அனுமதிப்பத்திரத்தை ஏற்படுத்தியது. அதைப் பெற என்ன கேட்டார்கள் என்பதைப் பாருங்கள்.

பற்சிகிச்சை உதவியாளராகக் குறைந்தது 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும். தொற்றுத் தடுப்புப் பற்றி 8 மணித்தியாலமும், பற்சிகிச்சைச் சட்டம் பற்றி 2 மணித்தியாலமும் கற்றிருக்க வேண்டும். மூச்சும் இதயமும் நின்றால் செய்யும் உயிர்காப்பு முதலுதவியிற் பயிற்சி பெற்றிருக்க வேண்டும்.

இவற்றுக்கு மேல் மயக்க உதவிக்கென்றே ஒரு பயிற்சி நெறி. அதற்கு விதித்த காலம் குறைந்தது 110 மணித்தியாலம். 40 மணித்தியாலம் பாடம். 32 மணித்தியாலம் ஆய்வுகூடப் பழக்கம். 38 மணித்தியாலம் நோயாளிகளோடு. மயக்கம் கொடுக்கப்படும் 20 சிகிச்சைகளிலாவது, மேற்பார்வையின் கீழ் நின்று இவ்வேலைகளைச் செய்து காட்ட வேண்டும். பின்னர் எழுத்துப் பரீட்சை. விரல் அடையாளம் கொடுத்து, குற்றச் செயல்கள் உண்டா என்ற விசாரணையும் நடக்கும்.

இத்தனையும் ஒரு வைத்தியருக்கல்ல. அருகே நிற்கும் உதவியாளருக்கு!

செய்யலாம், செய்யக் கூடாது

இவ்வளவு படித்தபின் அவர் செய்யக்கூடியவை எவை? நோயாளியின் நாடித்துடிப்பு, குருதியமுக்கம், மூச்சின் வேகம் ஆகியவற்றைக் கருவிகளின் மூலம் கவனிக்கலாம். விரல் நுனியில் மாட்டி இரத்தத்திலுள்ள ஒட்சிசனைக் காட்டும் சிறு கருவி, இதயத் துடிப்பை வரையும் ஈ.சி.ஜி., வெளிவிடும் மூச்சிலுள்ள காபனீரொட்சைட்டை அளக்கும் கருவி ஆகியன இதற்கு உதவும். சரியான மருந்தை இனங்கண்டு ஊசிக் குழாயில் எடுத்து வைக்கலாம். அதன் அளவை வைத்தியர் சரிபார்க்க வேண்டும். நாளத்தில் ஏற்றிய குழாயினூடாக மருந்தைச் செலுத்தலாம். ஆனால் வைத்தியர் கதிரையருகே நிற்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் அக்குழாயைக் கழற்றலாம்.

செய்யக் கூடாதவை எவை? எந்த மருந்தின் முதல் அளவையும் அவர் செலுத்தக் கூடாது. அதை வைத்தியரே செய்ய வேண்டும். நோயாளியின் நிலை நல்லதா கெட்டதா என்று முடிவெடுக்கும் பொறுப்பும் வைத்தியருடையதே. உதவியாளர் கண்டதைச் சொல்வார், தீர்மானிப்பவர் வைத்தியர். பற்சிகிச்சை நிலையத்துக்கு வெளியே, ஒரு வீட்டிலோ வேறெங்கோ, இவ்வேலைகளை அவர் செய்ய முடியாது.

முதல் அளவை ஏன் வைத்தியர்தான் கொடுக்க வேண்டும்? ஒரு மருந்து ஒரு உடலுக்கு ஒத்துவருமா என்பது முதல் அளவில்தான் பெரும்பாலும் தெரியவரும். ஒவ்வாமை வந்தாலும், மூச்சு மந்தமானாலும் உடனே முடிவெடுத்து மருத்துவம் செய்ய வேண்டியவர் கையில்தான் அந்த ஊசி இருக்க வேண்டும். இவ்விதி உதவியாளரை மட்டந்தட்டவில்லை. பிழை நடந்தால் அதன் சுமை அவர் தலையில் விழாதபடி அவரையும் காக்கிறது.

ஒரு பிள்ளையின் மரணம்

விதி எழுதிவிட்டால் ஆபத்து முடிந்துவிடுவதில்லை. 2015இல் அதே கலிபோர்னியாவில் 6 வயதுச் சிறுவன் ஒருவன் பல் எடுப்பதற்காக மயக்கம் கொடுக்கப்பட்டபோது இறந்து போனான். அச்சிறுவனின் குடும்பத்தார் துயரத்தோடு வீட்டில் இருந்துவிடவில்லை. மயக்கம் கொடுப்பவரும் சத்திரசிகிச்சை செய்பவரும் ஒருவராகவே இருக்கலாமா என்று கேட்டுச் சட்டசபைவரை போனார்கள்.

அதன் பயனாக 2016இல் ஒரு சட்டம் வந்தது. பிள்ளைக்கு மயக்கம் கொடுப்பதற்குப் பெற்றோரிடம் வாங்கும் எழுத்துமூலச் சம்மதத்தில், மயக்கம் கொடுக்கும் முறையும் கண்காணிக்கும் முறையும் இடத்துக்கு இடம், வைத்தியருக்கு வைத்தியர் வேறுபடலாம் என்று சொல்ல வேண்டும். வேறு வழிகள் உண்டா என்று ஆராயும்படி அவர்களை ஊக்குவிக்கவும் வேண்டும். 2018இல் இயற்றப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இன்னொரு சட்டம் இதற்கும் மேலே போனது. 7 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஆழ்ந்த மயக்கமோ முழு மயக்கமோ கொடுத்தால், சிகிச்சை செய்பவரைத் தவிர மேலும் இருவராவது அங்கே இருக்க வேண்டும். சிகிச்சை செய்யும் பல் வைத்தியரே மயக்கமும் கொடுப்பவராயின், அவ்விருவரில் ஒருவருக்குப் பிள்ளையைக் கவனிப்பதைத் தவிர வேறு வேலை இருக்கக் கூடாது.

கிணற்றின் மேலே கயிற்றைப் பிடித்திருப்பவரைச் சட்டப் புத்தகத்தில் எழுதிவிட்டார்கள் என்று இதைச் சொல்லலாம்.

எமக்கு இதனால் என்ன?

எமது நாட்டில் பல் வைத்தியராகத் தொழில் செய்பவர் இலங்கை மருத்துவப் பேரவையில் பதிவு செய்திருக்க வேண்டும். அரசாங்க ஆசுபத்திரியின் பற்சிகிச்சைப் பகுதியில் பணம் கட்டாமலே சிகிச்சை பெறலாம். பாடசாலைப் பிள்ளைகளின் பற்களைக் கவனிக்கவென்றே பயிற்றப்பட்ட பாடசாலைப் பற்சிகிச்சையாளர்களும் இருக்கிறார்கள். நியூசிலாந்து நாட்டின் முறையைத் தழுவி, மகரகமையில் இவர்களுக்கான பயிற்சி ஆரம்பிக்கப்பட்டது. முழு மயக்கம் தேவையென்றால், மயக்க மருந்து வைத்தியர் உள்ள ஆசுபத்திரிக்கு அனுப்புவார்கள். தூரத்தைப் பார்த்து அதைத் தட்டிக் கழிக்க வேண்டாம்.

விறைப்பு ஊசிதானே, யார் போட்டால் என்ன என்று நினைப்பதும் தவறு. 2 வீத லிக்னோகெயின் 1.8 மில்லிலீற்றர் கொண்ட ஒரு சிறு குழாயில் 36 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு 4.4 மில்லிகிராம் என்பது பல பல் வைத்தியர்கள் கைக்கொள்ளும் எல்லை. 15 கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு இது 66 மில்லிகிராம். அதாவது இரண்டு குழாய்கள்கூட முழுமையாகப் போட முடியாது! அளவு மிஞ்சினால் வலிப்பு வரலாம், இதயமும் பாதிக்கப்படலாம். இக்கணக்குத் தெரியாதவர் கையில் ஊசி இருக்கக் கூடாது. ஊர் ஊராக வந்து குறைந்த காசுக்குப் பல் பிடுங்குபவரிடம் போவதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. ஒருவருக்குப் போட்ட ஊசியோ, மிச்சமான மருந்துக் குழாயோ மற்றவருக்குப் பயன்பட்டால் ஈரல் அழற்சி, எயிட்ஸ் போன்ற நோய்களின் கிருமிகள் தொற்றக்கூடும்.

ஊசி போடுமுன் நீங்களாகவே சொல்ல வேண்டியவை சில உண்டு. இதய நோய், வாதக் காய்ச்சலால் பழுதடைந்த இதய வால்வு, குருதியமுக்கம், நீரிழிவு, ஆஸ்துமா, வலிப்பு இருந்தாற் சொல்லுங்கள். கர்ப்பமாயிருந்தாற் சொல்லுங்கள். முன்னர் ஏதாவது மருந்து ஒத்துவராமற் போனதா என்பதைச் சொல்லுங்கள். இரத்தம் உறையாதிருக்க அஸ்பிரின், வோபரின் போன்ற குளிசைகள் எடுப்பவர்கள் அவற்றைத் தாமாக நிறுத்தாமல் வைத்தியரிடம் கேளுங்கள். இடம்பெயர்ந்தபோது கிளினிக் கொப்பி தொலைந்திருந்தால், இப்போது எடுக்கும் குளிசைகளின் உறைகளையாவது கொண்டுபோங்கள்.

விறைப்பு ஊசிக்கு முன் வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. நீரிழிவு உள்ளவர்கள் முக்கியமாகச் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். முழு மயக்கத்துக்கோ இது நேர்மாறு. வழக்கமாக 6 மணித்தியாலத்துக்கு முன்பே உணவை நிறுத்தச் சொல்வார்கள். பிள்ளை அழுகிறதே என்று இரங்கி ஒரு துண்டு பாண் கொடுத்தாலும், மயக்கத்தில் அது வாந்தியாக வந்து நுரையீரலுக்குள் போகலாம். அப்படிக் கொடுத்துவிட்டால் மறைக்காமற் சொல்லுங்கள். சிகிச்சையைப் பின்போடலாம்.

பல் எடுத்தபின் பஞ்சை அரை மணித்தியாலம் இறுகக் கடித்திருங்கள். அன்றைக்குப் பலமாகக் கொப்பளிக்கவோ, வெற்றிலை போடவோ, புகைக்கவோ வேண்டாம். விறைப்பு இருக்கும்வரை பிள்ளைகள் உதட்டைக் கடித்துப் புண்ணாக்காமற் பார்த்துக்கொள்ளுங்கள். இரத்தம் நிற்காவிட்டாலோ, வீக்கம் கழுத்துப் பக்கம் இறங்கினாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டமாயிருந்தாலோ விடியும்வரை காத்திராமல் உடனே ஆசுபத்திரிக்குப் போங்கள்.

உதவியாளராக நிற்கும் எமது பிள்ளைகளுக்கு

படிப்பு இடையில் நின்றுபோன எமது பெண்பிள்ளைகள் சிலர் தனியார் பற்சிகிச்சை நிலையங்களில் உதவிக்கு நிற்கலாம். அது நல்ல வேலை. ஆயுதங்களைக் கொதிநீராவியிற் கிருமிநீக்கம் செய்யப் பழகுங்கள். பாவித்த ஊசியைக் கையால் மூட முயலாமல் அதற்குரிய பெட்டியிற் போடுங்கள். கதிரையில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். வெளிறுகிறதா, வியர்க்கிறதா, மூச்சு மாறுகிறதா? கண்டால் தயங்காமற் சொல்லுங்கள். வைத்தியர் கோபிப்பாரே என்று வாய்மூடியிருக்க வேண்டாம்.

என்றாவது ஒரு நாள், சனம் கூடிவிட்டது, நீயே ஊசியைப் போட்டுவிடு என்று எவராவது சொன்னால், "எனக்கு அந்தப் பயிற்சி இல்லை, ஐயா" என்று பணிவாகச் சொல்லுங்கள். வேலை போய்விடுமோ என்ற பயம் வரும். அது எமக்குத் தெரியாததல்ல. ஆனாலும் 110 மணித்தியாலம் படித்து அனுமதிப்பத்திரம் பெற்றவருக்கே முதல் ஊசியைக் கொடுக்கக் கலிபோர்னியா இடமளிக்கவில்லை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை உங்கள் பிள்ளையை அந்தக் கதிரையில் இருத்தும்போது இரண்டு கேள்விகளை மட்டும் கேளுங்கள்: ஊசி போடுபவர் யார்? போட்டபின் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் யார்? இது வைத்தியரை அவமதிப்பதாகாது. கிணற்றில் இறங்குமுன் மேலே கயிற்றைப் பிடிப்பவர் நிற்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தானே நாமும் இறங்குகிறோம்!